எந்தக் கல்லூரியை முதலில் போடுவது? மருத்துவக் கலந்தாய்வு பற்றி ராமநாதபுரம் கடலோரம் கேட்கும் கேள்விகள்

நீட் தேர்வு வழக்கமாக மே மாதத் தொடக்கத்தில் நடக்கிறது. நம் கடலோரத்தில் அது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் நிற்கும். வீட்டுக்கு வருமானம் குறைந்திருக்கும் அந்த நேரத்தில்தான் சான்றிதழ், பதிவுக் கட்டணம், கலந்தாய்வு என்று அலைச்சலும் வந்து சேர்கிறது. தொண்டியிலிருந்து சாயல்குடி வரை, தீவுப் பக்கம் பாம்பன், தங்கச்சிமடம் வரை, பிள்ளைகளும் பெற்றோரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். கட்டணங்களும் தேதிகளும் சில விதிகளும் ஆண்டுதோறும் மாறும். அதனால் நீங்கள் விண்ணப்பிக்கும் ஆண்டின் விளக்கக் கையேட்டை ஒருமுறையாவது முழுவதும் படித்துவிடுங்கள்.

ஒவ்வொரு கல்லூரிக்கும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டுமா?

வேண்டாம். மொத்தம் இரண்டு வாசல்கள்தான். ஒன்று, சென்னை கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் தமிழ்நாடு மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக்குழு. அரசுக் கல்லூரிகளில் மாநிலத்துக்கு உள்ள 85 சதவீத இடங்களும், தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீடு, நிர்வாக ஒதுக்கீடு ஆகியவையும் இங்கே வருகின்றன. இன்னொன்று, மத்திய அரசின் மருத்துவக் கலந்தாய்வுக் குழுவான எம்.சி.சி. டெல்லியில் இருந்து நடத்தும் கலந்தாய்வு. நாட்டிலுள்ள எல்லா மாநில அரசுக் கல்லூரிகளும் கொடுக்கும் 15 சதவீத அகில இந்திய இடங்கள், எய்ம்ஸ், ஜிப்மர், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் எல்லாம் அதில் வரும்.

இரண்டிலும் பதிவு செய்யலாம். ஆனால் இரண்டு இடங்களைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார முடியாது. ஒன்றில் சேர்ந்தால் மற்றதை விட வேண்டும்.

எம்.சி.சி. பக்கம் நமக்கு எதற்கு? செலவுதானே?

அரசுக் கல்லூரிகளுக்கு மட்டும் பதிவு செய்தால் செலவு அதிகம் இல்லை. திருப்பித் தராத கட்டணம் பொதுப் பிரிவுக்கு 1,000 ரூபாய், ஓ.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு 500 ரூபாய் என்று இருந்து வருகிறது. முன்பணம் முறையே 10,000 ரூபாய், 5,000 ரூபாய். முன்பணத்தை விதிப்படி நடந்தால் திருப்பித் தருவார்கள். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களையும் சேர்த்துப் பதிவு செய்தால்தான் முன்பணம் இரண்டு லட்சம் ஆகிவிடுகிறது. அந்தக் கட்டணத்தைக் கட்டும் நிலையில் இல்லாத குடும்பம் அந்தப் பெட்டியைத் தொடவே வேண்டாம்.

நல்ல தரவரிசை உள்ள பிள்ளை எம்.சி.சி.யைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஜிப்மர் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் இருக்கிறது. மதுரை எய்ம்ஸ் 2022-இல் நம் ஊரில்தான் தொடங்கியது. அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

வெளிமாநிலக் கல்லூரிகளை விருப்பப் பட்டியலில் போடும்போது ஒன்றை மட்டும் யோசியுங்கள். மூன்றாம் ஆண்டில் நோயாளியின் கட்டில் ஓரம் நின்று "எப்போதிலிருந்து வலிக்கிறது, எந்தப் பக்கம் வலிக்கிறது" என்று கேட்க வேண்டும். உத்தரப் பிரதேசத்தில் அதை இந்தியில் கேட்க வேண்டும். கற்றுக்கொள்ளலாம், கற்றுக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். ஆனால் இங்கே ஓர் அரசு இடம் கிடைக்கும் நிலையில் அங்கே போவதற்குத் தனிக் காரணம் வேண்டும் என்பது என் கருத்து.

என் மதிப்பெண்ணுக்கு எந்தக் கல்லூரி கிடைக்கும்?

அதிகம் வரும் கேள்வி இதுதான். மதிப்பெண்ணை வைத்து இதற்குப் பதில் சொல்பவரை நம்ப வேண்டாம்.

நீட்டின் மொத்த மதிப்பெண் 720. 2024-இல் முழு 720 வாங்கியவர்களே பலர். 2025-இல் வினாத்தாள் கடினமாக இருந்தது, நாட்டிலேயே முதலிடம் பெற்றவர் எடுத்தது 686. ஆக, 2024-இல் ஒரு கல்லூரிக்குத் தேவைப்பட்ட மதிப்பெண்ணை 2025-இல் வைத்துப் பார்த்த பிள்ளைகள் தேவையில்லாமல் மனம் உடைந்தார்கள். போன வருடம் அக்கா வாங்கிய மதிப்பெண்ணோடு இந்த வருடம் தம்பி வாங்கியதை ஒப்பிட்டால் ஒன்றும் விளங்காது.

பார்க்க வேண்டியது தரவரிசை. தேர்வுக்குழு வெளியிடும் பட்டியலில் உங்களுக்கு ஒரு பொதுத் தரவரிசையும், உங்கள் வகுப்புக்குள் ஒரு தரவரிசையும் இருக்கும். முந்தைய ஆண்டு ஒவ்வொரு சுற்றிலும் யாருக்கு எந்தக் கல்லூரி ஒதுக்கப்பட்டது என்ற பட்டியலும் வெளியாகியிருக்கும். அதை எடுத்து, உங்கள் வகுப்பில் ஒவ்வொரு கல்லூரியும் எந்தத் தரவரிசையில் நிரம்பியது என்று ஒரு தாளில் எழுதுங்கள். முதல் சுற்றில் நிரம்பிய எண்ணும் கடைசிச் சுற்றில் நிரம்பிய எண்ணும் வேறாக இருக்கும். இரண்டையும் எழுதுங்கள். ஒரு மாலை நேர வேலைதான். பிள்ளையே உட்கார்ந்து செய்தால் நல்லது, படிக்கப் போவது அவர்தானே.

இன்னொன்று. தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5, மிகப் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினருக்கு 20, பட்டியல் சாதியினருக்கு 18 (அதில் 3 அருந்ததியருக்கு), பழங்குடியினருக்கு 1 என மொத்தம் 69 சதவீதம் இடஒதுக்கீடு. மீதி 31 சதவீதம் பொதுப்போட்டி. அந்த 31-க்குள் எந்த வகுப்புப் பிள்ளையும் தரவரிசை இருந்தால் வரலாம். சொந்த வகுப்பு இடத்தை அதற்காக இழந்ததாக ஆகாது.

கிடைக்கும் என்று தெரிந்த கல்லூரியை முதலில் போட்டால்தானே பாதுகாப்பு?

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

ஒதுக்கீடு நடக்கும் விதம் இதுதான். உங்கள் தரவரிசை எண்ணின் முறை வரும்போது, கணினி உங்கள் பட்டியலை மேலிருந்து கீழே பார்க்கும். முதல் விருப்பத்தில் இடம் இருக்கிறதா? இல்லை. இரண்டாவதில்? இல்லை. மூன்றாவதில் இருக்கிறது, கொடுத்துவிடும். அத்தோடு நின்றுவிடும், அதற்குக் கீழே நீங்கள் எழுதியது எதையும் அந்தச் சுற்றில் பார்க்காது. முதலில் எழுதிய கல்லூரி கிடைக்காததால் ஏழாவதில் எழுதிய கல்லூரியில் உங்கள் வாய்ப்பு ஒரு துளிகூடக் குறையாது. ஏழாவதாக எழுதியதை முதலில் எழுதியிருந்தாலும் உங்களைவிட நல்ல தரவரிசை உள்ளவரை முந்தவும் முடியாது.

அதனால் பயந்துபோய் "கிடைக்கும்" கல்லூரியை மேலே போட்டால் நடப்பது ஒன்றுதான்: கிடைத்திருக்கக்கூடிய, நீங்கள் அதிகம் விரும்பிய கல்லூரி கைவிட்டுப் போகும். சிவகங்கையை முதலிலும் மதுரையை இரண்டாவதிலும் போட்ட பிள்ளைக்குச் சிவகங்கை கிடைத்தால், அன்று மதுரையில் இடம் காலியாக இருந்திருந்தாலும் அது அவருக்கு வராது. சிவகங்கை வீட்டுக்குப் பக்கம், அதனால் மனதார அதையே விரும்புகிறார் என்றால் அந்த வரிசை சரி. பயத்தால் போட்டிருந்தால் தவறு.

விருப்பம் எதுவோ அந்த வரிசையில் போடுங்கள். நல்ல தரவரிசை இல்லாத பிள்ளையும் சென்னை மருத்துவக் கல்லூரியை முதலில் எழுதலாம். யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை.

எத்தனை கல்லூரிகளைப் போட வேண்டும்?

சேர்ந்து படிக்கத் தயாராக இருக்கும் எல்லாவற்றையும் போடுங்கள். தமிழ்நாட்டில் 36 அரசு மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. அரசு இடம் வேண்டும் என்பவர் 36-ஐயும் எழுதட்டும். "தர்மபுரியா, நீலகிரியா, யாரும் தெரியாத ஊராச்சே" என்று விட்டுவிட்டு, பிறகு இடமே இல்லாமல் ஓர் ஆண்டு வீட்டில் உட்கார்ந்த பிள்ளைகள் உண்டு.

சேர மாட்டேன் என்பதை மட்டும் எழுதாதீர்கள். குறிப்பாக இரண்டாம் சுற்றுக்குப் பிறகு. ஒதுக்கிய பின் சேராவிட்டால் முன்பணம் போகலாம், அடுத்த சுற்றில் கலந்துகொள்ள முடியாமலும் போகலாம்.

ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி புதுசுதானே? அதை எங்கே வைப்பது?

2022 ஜனவரி 12 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. அவற்றில் நம்முடையதும் ஒன்று. ராமநாதபுரம், நாமக்கல், திருப்பூர், திருவள்ளூர் நான்கிலும் 100 இடங்கள் வீதம், மற்ற ஏழில் 150 வீதம் என்று தொடங்கினார்கள். நம் கல்லூரியின் 100 இடங்களில் 15 அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகும். மீதி 85. அதில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு போனால் மிச்சத்தைத்தான் எல்லா வகுப்பும் பங்கிட வேண்டும். மாவட்டக்காரர்களுக்கு என்று தனி இடம் ஒன்றுகூடக் கிடையாது. "நம்ம ஊர்க் காலேஜ், நமக்குத்தான் கொடுப்பாங்க" என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இனி, அது எப்படிப்பட்ட கல்லூரி? புதியது என்பதற்காக அதை ஒதுக்குவதை நான் ஏற்கமாட்டேன். கல்லூரிக்கு வயது குறைவுதான். ஆனால் அதோடு இணைந்த மாவட்டத் தலைமை மருத்துவமனை நம் அப்பா, தாத்தா காலத்திலிருந்தே நோயாளிகளைப் பார்த்து வருகிறது. பட்டம் தருவது தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவருக்கும் அதே பல்கலைக்கழகம்தான். முதுநிலைப் படிப்புக்கு நீட் முதுநிலைத் தேர்வின் தரவரிசையைப் பார்க்கிறார்கள். எந்தக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். படித்தீர்கள் என்பதற்கு அங்கே ஒரு மதிப்பெண்ணும் இல்லை.

படிப்பதற்கு இங்கே என்ன கிடைக்கும் என்று பாருங்கள். பாம்புக்கடி, விபத்து, பிரசவம், கடலில் வலை இழுக்கும்போதும் இயந்திரத்தில் சிக்கியும் வரும் கை காயங்கள், சொறி மீன் பட்டு வருபவர்கள், தீவுகளைச் சுற்றிக் கடல்பாசி எடுக்க மூழ்கும் பெண்களின் காது வலியும் மூட்டு வலியும். ஏர்வாடி தர்கா பக்கத்தில் இருப்பதால் மனநல மருத்துவத்தில் பார்த்துக் கற்க வேண்டியது வேறு இடங்களைவிட அதிகம். 2001 ஆகஸ்டில் அங்கே ஒரு காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் இறந்தார்கள். அந்த மண்ணில் படிக்கும் பிள்ளை மனநோய் என்றால் என்ன என்பதை வெறும் தேர்வுக்காக மட்டும் படிக்காது என்று நம்புகிறேன். 2021-22 அணியிலிருந்து எம்.பி.பி.எஸ். மாணவர்கள் ஒவ்வொருவரும் கிராமத்தில் சில குடும்பங்களைத் தத்தெடுத்துத் தொடர்ந்து போய்ப் பார்க்க வேண்டும் என்று பாடத்திட்டத்திலேயே வைத்திருக்கிறார்கள். இங்கே அந்தக் குடும்பங்கள் நம் சனங்கள்.

குறையும் உண்டு, மறைக்கக் கூடாது. இதய அறுவை, நரம்பியல் அறுவை போன்ற சிக்கலான நோயாளிகளை மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்கு அனுப்புவது வழக்கம். அந்த நோயாளிகளை முழுவதும் பார்த்துப் படிக்கும் வாய்ப்பு மதுரையில் படிக்கும் பிள்ளைக்குத்தான் அதிகம். பழைய கல்லூரிகளில் பேராசிரியர்களும் துறைகளும் கூடுதல்.

அப்படியானால் பெரிய கல்லூரி எப்போதும் மேலே இருக்க வேண்டுமா?

மற்றவை எல்லாம் சமம் என்றால், ஆம். சென்னை மருத்துவக் கல்லூரி 1835-இல் தொடங்கியது, ஸ்டான்லி 1938, மதுரை 1954, திருநெல்வேலி 1965. இந்த நான்கிலும் 250 இடங்கள். நோயாளிக் கூட்டம், நூலகம், மூத்தவர்கள் எல்லாம் பெரிதாக இருக்கும். முதுநிலைக்குத் தயாராகும் சூழல் பழைய கல்லூரிகளில் இயல்பாகவே அமைந்திருக்கிறது.

ஆனால் பெரிய கல்லூரியில் ஒரு கட்டிலைச் சுற்றி நிற்கும் மாணவர்களும் அதிகம். முதுநிலை மருத்துவர்கள் நிறைந்த இடத்தில் ஊசி, தையல், பிரசவம் எல்லாம் அவர்கள் கைக்கு முதலில் போகும். நான்கரை ஆண்டு முடிந்து பயிற்சி மருத்துவராக ஓர் ஆண்டு வேலை செய்யும்போது, நடுத்தரக் கல்லூரியில் படித்த பிள்ளைகள் கையால் செய்து பழகியது அதிகமாக இருப்பதைப் பார்க்கிறோம். தூத்துக்குடி, சிவகங்கை, தேனி, புதுக்கோட்டை போன்ற கல்லூரிகளை நான் மதிப்பது இதனால்தான்.

என்னைக் கேட்டால், நம் பக்கத்துப் பிள்ளைக்கு ஒரு வரிசை: சென்னை, ஸ்டான்லி, மதுரை முதலில். அப்புறம் திருநெல்வேலி, தஞ்சாவூர், கீழ்ப்பாக்கம், கோவை, திருச்சி. அப்புறம் வீட்டுத் தூரத்தைப் பார்த்து தூத்துக்குடி, சிவகங்கை, ராமநாதபுரம், புதுக்கோட்டை, தேனி. அதன் பிறகு மற்றவை. இது என் வரிசை. உங்கள் வீட்டில் படுக்கையில் இருக்கும் பாட்டி, தனியாக இருக்கும் அம்மா, இதெல்லாம் எனக்குத் தெரியாது. அவை தெரிந்த நீங்கள் மாற்றிக்கொள்ளுங்கள்.

பெண் பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்பலாமா?

அனுப்பலாம். இந்தக் கேள்வியைப் பெண் பிள்ளைக்கு மட்டும் கேட்பதை நிறுத்தினால் இன்னும் நல்லது. ஐந்தரை ஆண்டுப் படிப்பு, அரசு விடுதி, சுற்றிலும் கூடப் படிக்கும் பிள்ளைகள். பல கல்லூரிகளில் இப்போது பெண் பிள்ளைகள்தான் அதிகம்.

தூரத்தைக் கிலோமீட்டரில் பார்க்காமல், வந்துபோகும் வழியைப் பாருங்கள். ராமநாதபுரத்திலிருந்து மதுரை 110 கிலோமீட்டருக்குச் சற்று மேல், பேருந்து எந்நேரமும் உண்டு. சென்னை தூரம்தான், ஆனால் இரவு ரயிலில் ஏறினால் காலையில் எழும்பூர் பக்கம். 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நின்றபின் தீவு மக்கள் மண்டபம் வந்து ஏற வேண்டியிருந்தது. 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாலம் திறந்ததும் ராமேஸ்வரத்திலிருந்தே மறுபடி ஏறலாம் என்று ஆகிவிட்டது. சிவகங்கை மானாமதுரையைத் தாண்டினால் வந்துவிடும். சாயல்குடி, வாலிநோக்கம் பக்கத்தவர்களுக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தூத்துக்குடி, மதுரையைவிட வசதி. தொண்டி, எஸ்.பி.பட்டினம் பக்கம் இருப்பவர்கள் புதுக்கோட்டையையும் சிவகங்கையையும் பாருங்கள். நீலகிரிக்கோ கிருஷ்ணகிரிக்கோ போவதென்றால் ஒரு நாள் பயணம், இரண்டு மூன்று முறை மாறி ஏற வேண்டும். தீபாவளிக்கும் பெருநாளுக்கும் கிறிஸ்துமஸுக்கும் மட்டும் வரும் பிள்ளைக்கு அது பெரிய தடையும் இல்லை.

எய்ம்ஸ் ராமநாதபுரத்தில் இருக்கிறது என்கிறார்களே, உண்மையா?

மதுரை எய்ம்ஸுக்கு 2019 ஜனவரியில் தோப்பூரில் அடிக்கல் நாட்டினார்கள். கட்டடம் எழுவதற்கு முன்பே 2022-இல் 50 மாணவர்களோடு முதல் அணியை ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி வளாகத்தில் தற்காலிகமாகத் தொடங்கினார்கள். அந்த இடங்கள் முழுவதும் எம்.சி.சி. வழியாகத்தான் நிரம்பும். தமிழ்நாட்டுக்குத் தனி ஒதுக்கீடு இல்லை. கட்டணம் மிகக் குறைவு, தரவரிசை மிக நன்றாக இருக்க வேண்டும். மாநில வாசலில் மட்டும் நின்றுகொண்டு எய்ம்ஸ் வேண்டும் என்று கேட்க முடியாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

7.5 சதவீத ஒதுக்கீடு யாருக்கு?

ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. 2020-இல் வந்த சட்டம். கல்வி உரிமைச் சட்டப்படி எட்டு வரை தனியார் பள்ளியில் படித்து, ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கும் உண்டு. அரசு உதவி பெறும் பள்ளிகளுக்குக் கிடையாது. ராமநாதபுரத்திலும் தீவிலும் பெயர்பெற்ற உதவி பெறும் பள்ளிகள் இருக்கின்றன. அங்கே படித்த பல பிள்ளைகள் தங்களுக்கும் இது உண்டு என்று நம்பி வருகிறார்கள். கடைசி நேர ஏமாற்றம் வேண்டாம்.

இந்த ஒதுக்கீட்டில் வருபவர்களுக்குக் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்கிறது. தனியார் கல்லூரியில் கிடைத்தாலும் அப்படியே. ஆகவே இவர்கள் கட்டணத்துக்குப் பயந்து தனியார் கல்லூரிகளை விட்டுவிட வேண்டாம். நோயாளிகள் அதிகம் வரும் அரசுக் கல்லூரிகளை முதலில் வைத்து, பிறகு தனியார் கல்லூரிகளையும் வைக்கலாம். இந்தச் சிறப்புப் பிரிவுக் கலந்தாய்வைச் சென்னைக்கு நேரில் வரச்சொல்லி நடத்துவது வழக்கம். அசல் சான்றிதழ்களோடு முந்தின நாளே போய்ச் சேர்ந்துவிடுங்கள்.

இதோடு, அரசுப் பள்ளியில் படித்த பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், ஆண் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் உண்டு. கல்லூரியில் சேர்ந்ததும் கேட்டுப் பதிந்துகொள்ளுங்கள்.

எந்தச் சான்றிதழ் இல்லாமல் அதிகம் பேர் மாட்டிக்கொள்கிறார்கள்?

ஓ.பி.சி. சான்றிதழ். மாநிலக் கலந்தாய்வுக்கு நம்மிடம் இருக்கும் நிரந்தரச் சாதிச் சான்று போதும். எம்.சி.சி.க்கு மத்திய அரசின் படிவத்தில், வசதி படைத்தவர் வரம்புக்குள் வராதவர் என்று வட்டாட்சியர் தரும் தனிச் சான்று வேண்டும். உங்கள் சாதிப் பெயர் மத்தியப் பட்டியலில் எந்த எழுத்தில் இருக்கிறதோ அதே எழுத்தில் சான்றில் இருக்க வேண்டும். இ-சேவை மையத்தில் தடைக்காலத்திலேயே விண்ணப்பித்துவிடுங்கள். ஜூலையில் கூட்டம் மொய்க்கும்.

குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் அதற்கான சான்றும் வாங்கி வையுங்கள். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் அப்பா வளைகுடாவில் வேலை பார்த்து, பிள்ளையும் சில வகுப்புகள் அங்கேயே படித்திருந்தால், தமிழ்நாட்டு இருப்பிடச் சான்றும் பெற்றோரின் ஆவணங்களும் இல்லாமல் மாநில ஒதுக்கீடு கிடைக்காது. வெளிநாட்டு இந்தியர் ஒதுக்கீடு என்று தனியாக இருக்கிறது, அது மிகவும் விலை கூடியது. சொந்த மாநில உரிமை இருக்கும்போது அந்தப் பக்கம் போக அவசியமில்லை.

தனியார் கல்லூரியைப் பட்டியலில் சேர்க்கலாமா?

பணத்தை முதலில் எழுதிப் பாருங்கள். அரசுக் கல்லூரியில் ஆண்டுக் கட்டணம் சில ஆயிரங்களில் முடியும். தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்குச் சமீப ஆண்டுகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ நாலரை லட்சம், நிர்வாக ஒதுக்கீட்டுக்கு ஏறத்தாழ பதின்மூன்றரை லட்சம் என்று கட்டண நிர்ணயக் குழு வைத்திருந்தது. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் இருபது லட்சத்தைத் தாண்டும். விடுதி, உணவு, புத்தகம் எல்லாம் இதற்கு மேல். நாலரை ஆண்டுக்குக் கணக்குப் போட்டால் அரசு ஒதுக்கீட்டு இடமே இருபது லட்சத்தைத் தொடும், நிர்வாக ஒதுக்கீடு அறுபது லட்சம்.

சிறுபான்மை அல்லாத தனியார் கல்லூரிகள் 65 சதவீத இடங்களையும், சிறுபான்மைக் கல்லூரிகள் 50 சதவீத இடங்களையும் அரசு ஒதுக்கீட்டுக்குத் தருகின்றன. கல்விக் கடன் கிடைக்கும் குடும்பத்துக்கு இந்த அரசு ஒதுக்கீட்டு இடங்கள் தாங்கக்கூடியவை. ஏழரை லட்சம் வரை சொத்துப் பிணை இல்லாமல் கடன் வாங்கும் ஏற்பாடு உண்டு. அதற்கு மேல் போனால் வங்கி சொத்தைக் கேட்கும். நிர்வாக ஒதுக்கீட்டுக்காக வீட்டையும் படகையும் அடமானம் வைப்பதை நான் கைகூப்பி வேண்டாம் என்பேன். எம்.பி.பி.எஸ். முடித்தவுடன் வரும் சம்பளம் அந்த வட்டியைக் கட்டப் போதாது. முதுநிலை படிக்க வேண்டிய வயதில் பிள்ளை கடனுக்காக இரவுப் பணி பார்த்துக்கொண்டிருக்கும்.

ஒருவர் போன் செய்து, பணம் கொடுத்தால் சீட் உறுதி என்கிறார்.

போனை வையுங்கள். நிர்வாக ஒதுக்கீடாக இருந்தாலும் நிகர்நிலையாக இருந்தாலும் எல்லா இடமும் நீட் தரவரிசையில், கலந்தாய்வு வழியாகத்தான் நிரம்புகிறது. நன்கொடை வாங்குவதைத் தடை செய்யும் சட்டம் தமிழ்நாட்டில் 1992 முதல் இருக்கிறது.

வெளிநாட்டில் படிக்க அனுப்பலாமா?

அதற்கும் நீட் தகுதி வேண்டும். 2021 நவம்பரில் வந்த விதிப்படி, அங்கே குறைந்தது 54 மாதப் படிப்பு, அதே நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சி, பாடம் ஆங்கிலத்தில், அந்த நாட்டிலேயே மருத்துவராகப் பதிவு பெறும் தகுதி, எல்லாம் இருக்க வேண்டும். திரும்பி வந்து 300-க்கு 150 எடுக்க வேண்டிய தேர்வில் தேறி, இங்கே மறுபடி ஓர் ஆண்டு பயிற்சி. அந்தத் தேர்வில் தேறாமல் ஆண்டுக்கணக்கில் நிற்பவர்கள் நம் ஊர்களிலேயே இருக்கிறார்கள். படிப்புக் காலம், பயிற்சி, ஆங்கிலப் பாடம், பதிவுத் தகுதி ஆகிய நான்கையும் எழுத்தில் காட்டாத கல்லூரிக்கு அனுப்ப வேண்டாம்.

முதல் சுற்றில் ஓர் இடம் கிடைத்துவிட்டது. அடுத்த சுற்றுக்குப் போனால் இதுவும் போய்விடுமா?

சேர்ந்துவிட்டு, மேல் விருப்பத்துக்கு மாற விரும்புவதாகத் தெரிவித்தால், மேலே உள்ள கல்லூரி கிடைக்காதவரை கையில் உள்ளது போகாது. கிடைத்துவிட்டால் பழையது தானாகவே வேறொருவருக்குப் போய்விடும். திரும்பக் கேட்க முடியாது. ஆகவே இரண்டாம் சுற்றுப் பட்டியலில், இப்போது கையில் இருப்பதைவிட உண்மையாகவே அதிகம் விரும்புவதை மட்டும் எழுதுங்கள். எம்.சி.சி.யில் மூன்றாம் சுற்றில் சேர்ந்தவர் அதன்பின் விலகி வேறு கலந்தாய்வுக்குப் போக முடியாது. மாநிலத்திலும் கடைசித் தேதிக்குப் பிறகு விலகினால் பெரிய தொகை அபராதம்.

தமிழ்வழியில் படித்த பிள்ளை சமாளிக்குமா?

சமாளிக்கும். முதல் ஆண்டு உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் புத்தகங்கள் மலைப்பாக இருக்கும், அது எல்லாருக்கும்தான். 2019 பாடத்திட்டத்திலிருந்து, சேர்ந்தவுடன் ஓர் அடித்தளப் பயிற்சி உண்டு. அதில் மொழிப் பயிற்சியும் கணினிப் பயிற்சியும் இருக்கும். மூத்த மாணவர்களிடம் கூச்சப்படாமல் கேட்கும் பிள்ளை ஆறு மாதத்தில் பிடித்துக்கொள்கிறது.

இந்த ஆண்டு கிடைக்கவில்லை என்றால் மறுபடி எழுதலாமா?

ஒருமுறை எழுதலாம். உங்கள் வகுப்பில் கடைசியாக நிரம்பிய தரவரிசைக்கு அருகில் வந்திருந்தால் தாராளமாக. வெகுதூரம் பின்னால் இருந்தால், பல் மருத்துவம், சித்த மருத்துவம், செவிலியர் படிப்பு, துணை மருத்துவப் படிப்புகளையும் பக்கத்தில் வைத்து யோசியுங்கள். சித்தா, ஆயுர்வேதம், யுனானிக்குத் தனிக் கலந்தாய்வு, தனி விண்ணப்பம். பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி நமக்கு எட்டும் தூரம். மூன்றாவது, நான்காவது முறை என்று பிள்ளையை ஒரே அறையில் அடைத்து வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

பதிவு செய்யும்போது எந்தக் கைபேசி எண்ணைக் கொடுப்பது?

சின்னக் கேள்வி போல் தெரியும், ஆனால் நம் பக்கம் இது முக்கியம். பதிவு, விருப்பப் பட்டியல் பூட்டுதல், ஒதுக்கீட்டைப் பார்த்தல், மேல் சுற்றுக்கு விருப்பம் தெரிவித்தல் என்று ஒவ்வொரு படிக்கும் கைபேசிக்குக் கடவுச்சொல் வரும். பல வீடுகளில் அப்பாவின் எண்ணைக் கொடுத்திருப்பார்கள். ஜூன் நடுவில் தடைக்காலம் முடிந்து படகு கிளம்பியதும் அப்பாவோடு அந்தக் கைபேசியும் கடலுக்குப் போய்விடும். கடைசி நாள் மாலையில் கடவுச்சொல் சிக்னல் இல்லாத இடத்துக்குப் போய்க்கொண்டிருக்கும்.

கரையில் இருப்பவரின் எண்ணை, கலந்தாய்வு முடியும்வரை மாற்றப் போகாத எண்ணைக் கொடுங்கள். அம்மாவிடம் ஒரு சாதாரண பட்டன் போன் இருந்தாலும் போதும், குறுஞ்செய்தி வந்தால் சரி. மின்னஞ்சல் முகவரியும் பிள்ளையின் சொந்தப் பெயரில் இருக்கட்டும், நெட் சென்டர்காரரின் முகவரியாக இருக்க வேண்டாம். விருப்பப் பட்டியலைப் பூட்டியபின் அந்தப் பக்கத்தை அச்செடுத்து வையுங்கள். கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன்பே பூட்டிவிடுங்கள், கடைசி இரவில் இணையதளம் திணறுவது ஒவ்வோர் ஆண்டும் நடக்கிறது.